பின்சீட்டு மாஸ்டர்

மாஸ்டருக்கு அந்த நீலக் கார் மேல் ஆசை வந்துவிட்ட விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் மாஸ்டர் ஒருத்தர்தான். முட்டை வாங்கி வரச் சொன்னால் ரொம்ப நேரம் கழித்து வருவார். முட்டைக் கடை தெருமுனையில் இருந்தது. பழைய கார் விற்கும் யார்டு நாலு தெரு தள்ளி இருந்தது.

"கூட்டமா இருந்துச்சு" என்பார்.

"முட்டைக் கடையிலயா?" என்பாள் மனைவி.

"எல்லாரும் முட்டைதான் வாங்குறாங்க இப்பல்லாம்."

பொய் சொல்லிப் பழகாத மனுஷன் பொய் சொல்லப் போனால் இப்படித்தான் ஆகும்.

மாஸ்டர் என்பது ஊர் கூப்பிடும் பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு மேசை, கூரை மேல் எல் போர்டு வைத்த ஒரு குட்டி வெள்ளைக் கார், அவ்வளவுதான். அந்தக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருபவர்கள் எதையாவது இடிக்கப் போனால் அவர் அதை மிதிப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மிதித்துக்கொண்டே இருப்பார். லாரி எதிரே வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்ளும் வங்கி அம்மா ஒருத்தர், வளைவு வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகூப்பும் ரொட்டிக்கடைக்காரர் ஒருத்தர் என்று அவருக்கு வாய்த்ததெல்லாம் அந்த மாதிரி. ஏசி போட்டால் வண்டி திணறி நின்றுவிடும், அதனால் நடு வெயிலிலும் ஏசி கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் கிளட்ச் கருகின நாற்றம் அடிக்கும். மூன்றாவது கியர் போட்ட நாளெல்லாம் அவருக்குப் பண்டிகை நாள்.

இப்படி வருஷக்கணக்காக ஊர்ந்துகொண்டிருக்கும் மனுஷனுக்கு ஒரு ஆசை வந்தால் அது என்னவாக இருக்கும்? யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல், எதையும் மிதித்து நிறுத்தாமல், நல்ல இழுவையுள்ள ஒரு வண்டியில் ஒரு தடவையாவது காலை அழுத்திப் பறக்க வேண்டும். அந்த நீலக் கார் அதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. தரையோடு தரையாகப் படுத்திருந்தது, முகம் முறைத்தது, பின்னால் இரண்டு புகைக்குழாய். நாலு கதவும் இருந்தது. நாலு கதவு இருந்தால் அது குடும்ப வண்டிதானே என்று மாஸ்டர் தனக்குத்தானே வாதாடி ஜெயித்தும் இருந்தார்.

கார் வாங்கவேண்டிய அவசியம் நிஜமாகவே வந்துவிட்டிருந்தது. மனைவி நர்ஸ். இரண்டாவது குழந்தைக்காக லீவில் இருந்தவளுக்கு, ஊருக்கு வெளியே புறவழிச்சாலையில் திறந்திருக்கும் புது ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரவேண்டும். காலை ஷிப்டுக்குப் போக அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

"அதுக்கென்ன, நான் கொண்டு போய் விடுறேன். நானே கூட்டிட்டு வர்றேன்" என்று மாஸ்டர் உடனே சொல்லிவிட்டார். அவள் அப்போது பால் புட்டியைப் பிரஷ் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். மாஸ்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அவளும் ஒரு காலத்தில் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள்தான். லைசென்ஸ் வாங்கிக்கொடுத்த கையோடு பெண் கேட்டுப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு மூன்று தடவை வெள்ளைக் காரை ஓட்டினாள். அப்புறம், "எனக்கு பஸ்தாங்க பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள். பஸ் பிடித்த ஒருத்தி தனக்கு வாய்த்ததைப் பற்றி மாஸ்டர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு.

ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் நீலக் கார் பேச்சு வெளியே வந்தது. வெளியே கொண்டுவந்தவர் மாமனார்.

"மாப்ள, அந்த நீல வண்டி இன்னும் நிக்குதா, வித்துருச்சா?"

மாஸ்டர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். "எந்த நீல வண்டி மாமா?"

"நேத்து அதோட பானட்டத் தடவிக்கிட்டு நின்னீங்களே, அது. நான் எதிர்ல டீக்கடையிலதான் இருந்தேன். கூப்பிடலாம்னு பாத்தேன். நீங்க ஏதோ அதுகூடப் பேசிக்கிட்டு இருந்த மாதிரி தெரிஞ்சுது, சரி தனியா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாமனார் நெட்டை மனிதர், இந்த வீட்டின் எந்த வாசலிலும் குனியாமல் நுழைந்தது கிடையாது. லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் மேலேயும் கீழேயும் போய்வந்துவிட்டு, இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டோடு வந்திருந்தார்.

"அது என்னங்க வண்டி?" என்றாள் மனைவி.

"செடான்தான். குடும்ப வண்டி. கொஞ்சம்... ஸ்போர்ட்டியா இருக்கும்."

"ஸ்போர்ட்டின்னா?"

"வேகமா போகும்."

"நீங்களா வேகமா போவீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிப்பை அடக்க முட்டையை வாயில் போட்டுக்கொண்டாள். மாமனாருக்கு அடக்கத் தெரியாது, சிரித்தே விட்டார். நாலு வயது மகள் வாலுவுக்கு விஷயம் புரியாவிட்டாலும் தாத்தாவை விடச் சத்தமாகச் சிரித்தாள். கைக்குழந்தை உருண்டை மட்டும்தான் அப்பா பக்கம். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சிரிக்காதீங்க. அதுலயும் எல்லாம் அடங்கும்" என்றார் மாஸ்டர்.

"தள்ளுவண்டி டிக்கியில போகுமா?"

"போகும்."

"ரெண்டு குழந்தை சீட்டும் பின்னாடி நிக்குமா? எங்கப்பா கால எங்க வைப்பார்? உருண்டையத் தூக்கி சீட்ல வைக்க நான் எவ்வளவு குனியணும்? எனக்கு இன்னும் இடுப்பு சரியாகல, தெரியும்ல?"

"எல்லாம் பாத்துட்டேம்மா."

"நீங்க பாத்தது பானட்ட. நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, எல்லாருமா போவோம். அடங்குச்சுன்னா வாங்குவோம். அடங்கலன்னா, அதுக்குப் பக்கத்துல நிக்குதுன்னு அப்பா சொன்ன உயரமான டப்பா வண்டி. சரியா?"

"அது வண்டியா? பீரோவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு."

"பீரோவுல எல்லாம் அடங்கும்ல?"

மறுநாள் தூறலாக இருந்தது. குடும்பமே வெள்ளைக் காரில் யார்டுக்குப் போய் இறங்கியது. தள்ளுவண்டி, இரண்டு குழந்தை சீட், டயப்பர் பை, பால் பை, வாலுவின் மூன்று சக்கர சைக்கிள். சைக்கிள் எதற்கு என்று மாஸ்டர் கேட்டதற்கு, "அதுவும் குடும்பத்துல ஒண்ணுதான்" என்று மாமனார் பதில் சொல்லிவிட்டார். யார்டில் வண்டி காட்டுகிறவர், தூறலிலும் கழற்றாத டையோடு குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், வீடு மாத்துறீங்களா?"

"இல்ல, நீலக் காரப் பாக்க வந்தோம்."

டைக்காரர் மாஸ்டரைத் தனியாக ஓரங்கட்டினார். "சார், நீங்க தினம் வந்து பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். ஃபேமிலிய எதுக்கு சார் கூட்டிட்டு வந்தீங்க? இந்த வண்டிய ஃபேமிலிக்குக் காட்டக்கூடாது. வாங்கிட்டுப் போய்த்தான் காட்டணும்."

டிக்கியில் ஆரம்பித்தார்கள். தள்ளுவண்டி நேராகப் போகவில்லை, படுக்கவைத்தும் போகவில்லை. தலைகீழாக வைத்துப் பார்த்ததில் மூடி ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. மாஸ்டர் மழையில் நனைந்துகொண்டே, "இந்தா, இப்பிடி... இல்ல, இப்பிடி" என்று அதோடு மல்லுக்கட்டினார். மாமனார் குடையடியில் நின்று, "கொஞ்சம் மேல... இல்ல, கீழ" என்று பழைய தொழில் பார்த்தார். கடைசியில் மனைவி வந்து, தள்ளுவண்டியின் இரண்டு முன்சக்கரத்தையும் டக் டக்கென்று கழற்றி டயப்பர் பைக்குள் போட்டுவிட்டு டிக்கியை மூடினாள். மூடிக்கொண்டது. சைக்கிளுக்கு மட்டும் இடமில்லை. வாலு அழுது தீர்த்த பிறகு, அது டைக்காரரின் மேசையடியில் தங்கியது.

குழந்தை சீட் இரண்டும் பின்னால் இரண்டு ஓரத்திலும் கச்சிதமாக உட்கார்ந்தன. நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி உட்காரலாம். மாமனார் முன்சீட்டில் ஏறினார். ஏறினார் என்பது தப்பு, அந்தக் காரில் இறங்கத்தான் வேண்டும். முதலில் தலை போனது, அப்புறம் இடுப்பு, கால் இரண்டும் வெளியிலேயே யோசித்துக்கொண்டு நின்றன. ஒருவழியாக அவையும் போனதும் சீட்டைப் பின்னால் தள்ளி நீட்டிக்கொண்டார்.

"மாப்ள, நல்லா இருக்கு! லிஃப்ட்டுல இந்த வசதி இருந்திருந்தா நான் ரிடையரே ஆகியிருக்க மாட்டேன்."

மனைவி உருண்டையைத் தூக்கிக் குனிந்து சீட்டில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "குனியணும். ஆனா முடியாம இல்ல" என்றாள். மாஸ்டருக்குத் துள்ளிக்குதிக்கவேண்டும் போலிருந்தது.

"எல்லாரும் உக்காந்தாச்சு, ஒரு சுத்து போலாமே" என்றார் அவர்.

"நானும் வரணுமே சார், ரூல்ஸ்" என்றார் டைக்காரர். எண்ணிப் பார்த்தார்கள். டைக்காரருக்கு இடமில்லை. கடைசியில் வெள்ளைக் காரின் சாவியை அடகு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு, ஆளில்லாத தொழிற்பேட்டை ரோட்டைக் கைகாட்டி, "அங்க நல்லா அழுத்திப் பாருங்க சார், வண்டி பேசும்" என்று சொல்லி அனுப்பினார்.

மாஸ்டர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். இந்த நேரத்துக்காகத்தான் அத்தனை முட்டை வாங்கினார். சீட்டைச் சரிசெய்தார், மூன்று கண்ணாடியையும் சரிசெய்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார், முதல் கியரில் கிளம்பினார். வண்டி பின்னால் இரண்டு குழாயிலும் உறுமியது. தொழிற்பேட்டை ரோடு வந்தது. விடுமுறை நாள், ஈ காக்கை இல்லை. நேரான அகலமான ரோடு மழையில் பளபளவென்று கிடந்தது.

"இப்ப அழுத்துங்க மாப்ள" என்றார் மாமனார்.

மாஸ்டர் அழுத்தினார். முள் முப்பதைத் தொட்டது. தொட்டதும் வலது கால் தன்னால் எழுந்து பிரேக்குக்குப் போய்விட்டது. அவர் போகச் சொல்லவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி முப்பது, மறுபடி பிரேக். சாத்தியிருந்த தொழிற்சாலைக் கேட் முன்னால் இண்டிகேட்டர் போட்டார், ஆளில்லாத நாற்சந்தியில் முழுசாக நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யாராவது வர்றாங்களா மாப்ள?"

"இல்ல மாமா."

"அப்ப போலாம்ல?"

"போறேன் மாமா, போறேன்."

வியர்த்துக் கொட்டியது. மிதி என்று காலிடம் சொன்னால் அது கேட்கமாட்டேன் என்கிறது. இத்தனை நாள் அடுத்தவர்களை நிறுத்தி நிறுத்தித் தன்னையே நிறுத்தி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு அங்கேதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. வாலு வேறு, "அப்பா, எப்ப ஸ்போர்ட்டி ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.

"நான் ஓட்டட்டுமா?" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

மாஸ்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீயா? உனக்குத்தான் பஸ்..."

"தள்ளுங்க."

மாமனார் பின்சீட்டு நடுவுக்குப் போனார். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. "எந்த மாடின்னு தெரியல, ஆனா லிஃப்ட் நின்னுருச்சு" என்று முனகினார். முன்பக்கம் மாஸ்டர் உட்கார்ந்துகொண்டார். அதுதான் தப்பு. வேறு எந்தப் புருஷன் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அவள் வண்டியை எடுத்தாள். "கண்ணாடி" என்றார் மாஸ்டர். "பாத்துட்டேன்." "கிளட்ச்ச மெதுவா." "மெதுவாத்தான் விடுறேன்." "கியர் மாத்து. இல்ல, இப்ப வேண்டாம். இப்ப மாத்து." அவர் கால் முன்னால் விரிப்பை மிதித்துக்கொண்டே இருந்தது. அங்கே பிரேக் இல்லை. முள் முப்பதைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது. மாஸ்டர் விரிப்பை ஓட்டையாக்குகிற மாதிரி மிதித்தார். வண்டி நிற்கவில்லை. நிற்காத வண்டியைப் பார்த்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. கை நடுவே போய்க் கை பிரேக்கைப் பிடித்து ஒரே இழு.

ஈர ரோட்டில் வண்டி வாலை வீசிக்கொண்டு அரைவட்டம் அடித்து, வந்த திசையைப் பார்த்தபடி நின்றது.

மனைவி திரும்பிப் பின்னால் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் பத்திரமாக இருந்தார்கள். உருண்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். பார்த்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"என்னங்க பண்ணீங்க?"

"லாரி கீரி வந்துட்டா..."

"லாரி வந்துச்சா?"

"வரலாம்ல."

"அப்பா, லாரி வந்துச்சா?"

"நாய் கூட வரலம்மா" என்றார் மாமனார் முழங்கால்களுக்கு நடுவிலிருந்து. "மாப்ள எதப் பாத்து மிரண்டார்னு எனக்கும் தெரியல."

அவ்வளவுதான், அவள் பிடித்துக்கொண்டாள். "நான் பிரேக் போடவேண்டிய இடத்துலயும் நீங்க போடுறீங்க, போடவே வேண்டாத இடத்துலயும் நீங்க போடுறீங்க. அப்ப நான் எதுக்குங்க இங்க உக்காந்திருக்கேன்? பொம்மையா? நான் ஊசி போடும்போது ஒருத்தர் பக்கத்துல நின்னு என் கையப் பிடிச்சுப் பிடிச்சு இழுத்தா நான் போட்ருவேனா? எனக்கு பஸ் பிடிக்கும்னு சொன்னேன்ல? எனக்கு பஸ் பிடிக்காது. நிக்க இடம் கிடையாது, ஒருத்தன் கால மிதிப்பான், ஒருத்தி தோள்ல தூங்குவா. ஆனா பஸ்ல உங்களுக்கு பிரேக் கிடையாது. அதுக்காகத்தான் போனேன்."

மாஸ்டர் விரிப்பிலிருந்து காலை எடுத்துக்கொண்டார்.

"காலையில கொண்டு வந்து விடுறேங்குறீங்க, சாயங்காலம் கூட்டிட்டு வர்றேங்குறீங்க. நான் ஓட்டுறேன்னு ஒருத்தி சொல்லுவாளோன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? லைசென்ஸ் வாங்கிக் குடுத்ததே நீங்கதான, மாஸ்டர்?"

கோபம் வந்தால்தான் அவள் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவாள். அவள் கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்றார், மெல்லிய குரலில்.

"இறங்குங்க. பின்னாடி போங்க."

இறங்கினார். மாமனார் நிம்மதிப் பெருமூச்சோடு முன்னால் வந்து கால் நீட்டிக்கொண்டார். மாஸ்டர் இரண்டு குழந்தை சீட்டுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். கையை அசைக்க இடமில்லை, காலை நீட்ட வழியில்லை. ஒரு பக்கம் வாலு, ஒரு பக்கம் உருண்டை. உருண்டை அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டான்.

வண்டி கிளம்பியது. மாஸ்டர் வாயை இறுக மூடிக்கொண்டார். கற்றுக்கொள்ள வருபவர்களின் கால்களைத்தான் அவர் எப்போதும் பார்ப்பார். அவள் வண்டி ஓட்டும்போது முகம் எப்படியிருக்கும் என்று இந்த நாள்வரை பார்த்ததில்லை. இப்போது நடுக் கண்ணாடியில் தெரிந்தது. நாக்கின் நுனியை உதட்டோரத்தில் வைத்துக்கொண்டு, ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல், ஒரு வளைவை அளந்து வாங்கினாள். கியர் மாறியது அவருக்கே தெரியவில்லை. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவளை பஸ்ஸில் நிற்க வைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

ரோடு நேரானது. அவள் கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அழுத்தினாள்.

வண்டி முதுகைப் பிடித்து சீட்டோடு தள்ளியது. ஷெட்டுகளும் கம்பங்களும் ஓடின. மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவது கியரின் சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று மாஸ்டருக்குத் தெரியவே தெரியாது. பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வாலு கைதட்டினாள். "போம்மா போ, டாப் ஃப்ளோர்!" என்று மாமனார் கத்தினார். ரோடு முடிகிற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே அவள் தானாகக் காலை எடுத்து, மெதுவாக்கி, அழகாகத் திரும்பினாள். யாரும் சொல்லவில்லை.

யார்டுக்கு வந்ததும் டைக்காரர் குடையோடு ஓடிவந்து ஓட்டுநர் ஜன்னலில் குனிந்தார். எதிர்பார்த்த முகம் அங்கே இல்லாததால் குழம்பினார். "சார் எங்க?"

"இங்க இருக்கேன்" என்றார் மாஸ்டர் நடுவிலிருந்து.

"எப்படி சார் வண்டி?"

"ஓட்டினவங்களக் கேளுங்க."

"மேடம், ஃபேமிலிக்குச் சரியா வருமா?"

"ஃபேமிலிக்கும் சரியா இருக்கு, எனக்கும் சரியா இருக்கு" என்றாள் அவள். "குனியத்தான் கொஞ்சம் கஷ்டம். அத இவர் பாத்துக்குவார். எல்லாருமா எங்க போனாலும் பிள்ளைங்களத் தூக்கி உள்ள வைக்கிறது இவர் வேல" என்று சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணாந்தேதி நானே போய்க்கிறேங்க."

"ம்."

"நீங்க வரவேண்டாம்."

"வேண்டாம்தான்" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டாரே தவிர வலித்தது. அந்தக் காலை நேரத்தை அவர் மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். பிள்ளைகள் இல்லாமல், பால் புட்டி இல்லாமல், அவளும் அவரும் மட்டும் ஆஸ்பத்திரி வரைக்கும் பேசிக்கொண்டே போகிற மாதிரி. கார் ஆசையில் பாதி அதுதான் என்று அவருக்கே இப்போதுதான் தெரிந்தது.

"அப்ப நான் இந்த வண்டியில எப்பத்தான் வர்றது?" என்று கேட்டார். கேட்ட விதம் வாலு கேட்பது போலவே இருந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை நேரம் இறுகியிருந்த முகம் இளகியது.

"இப்ப வாங்களேன்" என்றாள், இன்ஜினைப் போட்டுக்கொண்டே.

"மேடம், மேடம், யார்டு மூடுற நேரம்!" என்று டைக்காரர் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நாலடி ஓடினார். நீலக் கார் கேட்டைத் தாண்டி நேர் ரோட்டில் விழுந்தது. பின்சீட்டு நடுவில், இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொண்டு, மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார்.

"அழுத்தும்மா! இன்னும் அழுத்து!"